பாம்பு வீட்டு வைஃபை

ஒரு காட்டில், மிருகங்கள் எல்லாம் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி அலைந்த காலத்தில், மாசிலாமணி என்றொரு கீரி இருந்தது. பிறந்ததிலிருந்து அது ஒரு பாம்பைக்கூடக் கடித்ததில்லை. ஆனாலும் 'பாம்பை வெல்வது எப்படி?' என்று போனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. பேசத் தெரிந்தவனுக்குக் கடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் காட்டிலும் சட்டம் கிடையாதே. தூரத்துக் காடுகளின் இளங்கீரிகள் எல்லாம் 'ஐயா, ஐயா' என்று உருகின. சொந்தபந்தத்தில் ஒருவர்கூட மதிக்காத மாசிலாமணிக்கு அந்த 'ஐயா'தான் சோறும் தண்ணீரும்.

அந்த வகுப்புக்கு நெட் வந்த வழிதான் கொஞ்சம் வெட்கக்கேடு. பக்கத்துப் புற்றில் செல்லையா என்ற நல்லபாம்பு வைஃபை பெட்டி வைத்திருந்தது. பாஸ்வேர்டு போடவில்லை. நல்லபாம்பு வீட்டில் திருட எவனுக்குத் தைரியம் வரும் என்ற தெனாவட்டு. பாம்புக்குப் பயப்படாத குலம் ஒன்று அடுத்த பொந்திலேயே குடியிருப்பதை அது யோசிக்கவில்லை. மாசிலாமணி புற்றுக்குப் பின்னால் இருந்த காரைப் புதருக்குள் உட்கார்ந்து, பாம்பின் நெட்டிலேயே பாம்பைக் கொல்லப் பாடம் நடத்தியது.

அதில் ஒரு சிக்கல். செல்லையா பெட்டியைச் சுற்றிச் சுருண்டு படுத்தால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். எழுந்து படமெடுத்து நின்றால் எல்லாக் கோடும் வந்துவிடும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மொட்டை மாடியில் டிவிக்குக் குடை வைத்திருக்கிறோமே, அதற்கு மட்டும் நமக்கு விளக்கம் தெரியுமா? வகுப்பு தொடங்குமுன் மாசிலாமணி புற்றுக்குள் ஒரு கல்லை விட்டெறியும்.

"எவன்டா அவன்?" என்று செல்லையா சீறி எழும்.

"வணக்கம் மாணவர்களே" என்று இது ஆரம்பிக்கும்.

தினமும் இப்படிச் சீறிச் சீறி, செல்லையாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் மாணவர்கள் பொறுமை இழந்தார்கள். "ஐயா, வாயாலேயே வடை சுடுறீங்க. நேரலையில ஒரு பாம்பைக் கடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா நாங்க மரநாய் மாஸ்டர் வகுப்புக்குப் போறோம்" என்றது ஒரு வாலில்லாத கீரி.

மாசிலாமணி யோசித்துப் பார்த்தது. மற்ற பாம்புகள் எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு கோடுகூட வராது. சிக்னல் உள்ள இடத்தில் இருந்த ஒரே பாம்பு செல்லையாதான். 'ஐயா' பட்டம் போவதைவிடக் கடிபட்டுச் சாவதே மேல் என்று முடிவு செய்து, போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் புற்று வாசலில் போய் நின்றது.

"செல்லையா, ஆம்பளையா இருந்தா வெளிய வா."

செல்லையா வந்தது. படமெடுத்தது. சிக்னல் பிரமாதம். காடு காடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. குலத்தின் புண்ணியமோ என்னவோ, பாம்பின் கழுத்து அதன் வாயில் சரியாகச் சிக்கிவிட்டது. மாசிலாமணிக்கே நம்ப முடியவில்லை. பெருமையோடு போனைத் திரும்பிப் பார்த்தது.

போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

பதறிப்போய் வாயைத் திறந்தது. பாம்பு மூச்சு வாங்கிப் படமெடுத்தது. படம் ஓட ஆரம்பித்தது. "ஐயா, பாய்ஞ்சதோட நின்னு போச்சு. அப்புறம் என்னாச்சு?" என்று மாணவர்கள் கத்தினார்கள். மறுபடியும் கவ்வியது. மறுபடியும் வட்டம். விட்டது. கோடு வந்தது.

குற்றுயிராகத் தள்ளாடி நின்றாலும் செல்லையாவுக்கு மூளை வேலை செய்தது. போனுக்குக் கேட்காத குரலில் கேட்டது: "டேய், தினமும் கல்லு எறிஞ்சது நீதானா? என் நெட்டையா திருடுற?"

"திருடலைண்ணே. சும்மா வெளிய வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு எடுத்துக்கிட்டேன்."

"என்னைக் கடிச்சா உனக்கு நெட் போச்சு. கடிக்கலைன்னா உன் பேரு போச்சு. எது வேணும்னு சீக்கிரம் சொல்லு, கழுத்து வலிக்குது."

மாசிலாமணிக்கு அழுகை வந்தது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாணவர்கள் பக்கம் திரும்பியது. "இப்போ நீங்க பார்த்தது வெறும் ஒத்திகை. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை இனிமேதான் நடக்கப்போகுது. யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா ரத்தம் கக்குவீங்க."

ஒருவரும் நகரவில்லை. அன்றைக்குச் சண்டை நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. இன்றுவரை நடக்கவில்லை. ஆனால் கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது; மரநாய் மாஸ்டரே வந்து உட்கார்ந்துவிட்டார். சந்தையில் கூடையை வைத்துக்கொண்டு இதே வாக்குறுதியைத் தருகிற வித்தைக்காரரை இனிமேல் ஏசாதீர்கள். அவருக்கும் ஏதாவது சிக்னல் பிரச்சினை இருக்கும்.

சில காலம் கழித்து, விஷயம் தெரிந்த அணில் ஒன்று புற்றுக்கு வந்தது. புதருக்குள் இருந்த மாசிலாமணி காதைத் தீட்டிக்கொண்டது.

"அண்ணே, அந்தக் கீரி உங்க நெட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கான். ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தரட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

வகுப்பு போச்சு, 'ஐயா' போச்சு, எல்லாம் போச்சு என்று மாசிலாமணி வாலை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

செல்லையா கழுத்தில் இருந்த பல் தழும்பை வால் நுனியால் ஒரு தரம் தடவிப் பார்த்தது.

"வேண்டாம் தம்பி. போன வாரம் எனக்குச் சளி பிடிச்சப்ப என் சொந்தத் தம்பிகூட எட்டிப் பார்க்கலை. அவன்தான் துளசியைக் கசக்கி வாசல்ல வச்சிட்டுப் போனான்."

நீதி: வைஃபைக்குப் பூட்டுப் போடாதே. நீ நூறாண்டு வாழ வேண்டும் என்று மனமார நினைக்கிறவன், உன் நெட்டைத் திருடுகிறவன் ஒருவன்தான்.