புல் மருந்து அலமாரியில் ஒரு புரோகிராம்

ஓப்பன் சோர்ஸ் என்று இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் பேசிக்கொள்கிறார்களே, யாரோ எழுதி ஊருக்கு இலவசமாக விட்ட புரோகிராம்களை எடுத்துப் பயன்படுத்துவது, எழுதியவர் போட்ட நிபந்தனைகளை மீறாமல் நடப்பது, அதைக் கவனிக்க ஓர் இலாகா, இலாகாவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கண்ணாடி அறை. இதையெல்லாம் உலகத்திலேயே முதலில் ஆரம்பித்தவர் ஒரு தமிழர். மலேசியாவில், கோல சிலாங்கூரில், எலிப் பாஷாணமும் விளக்குமாறும் அடுக்கிய ஒரு ஸ்டோரில் உட்கார்ந்து ஆரம்பித்தார். கம்ப்யூட்டரை அவர் கடைசிவரை விரலால்கூடத் தொட்டதில்லை. ஆதாரம் கேட்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். நான் கண்ணால் பார்த்தவள்.

எங்கள் தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் அவருக்குக் கையெழுத்துக் கிராணி என்று பெயர்; கிராணி என்றால் எங்கள் ஊரில் குமாஸ்தா. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் நிறுத்தவர். ஒவ்வொருவர் வாளியாக நிறுத்து, பெயருக்கு நேரே எழுதி, அதற்குப் பிறகுதான் பொதுத் தொட்டியில் ஊற்ற விடுவார். எழுதுமுன் ஒருவர் பால் இன்னொருவர் வாளியில் ஒரு கை கலந்தாலும் அன்றைக்குத் தோட்டமே இரண்டுபடும். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். நிறுக்கப் பால் இல்லாத கிராணியை என்ன செய்வதென்று தெரியாமல் கம்பெனி எங்கள் தலையில் கட்டியது. அலுவலக ஸ்டோர் அவர் பொறுப்புக்கு வந்தது.

அன்றிலிருந்து ஒரு குண்டூசிக்குக்கூடக் கையெழுத்து. அழிரப்பர் வேண்டுமென்றால் தேய்ந்த பழைய துண்டைக் காட்டி, இரண்டு பாரத்தில் கையெழுத்து. ஸ்டோரில் எலி பிடித்த பூனை அவர் பேரேட்டில் 'எலி ஒழிப்பு, உருப்படி ஒன்று' என்று இருந்தது. வாங்குவதிலும் மனிதர் நேர்மை. ஒரு தடவை நான் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேசரி கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, 'கேசரி ஒரு கரண்டி, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் மானேஜர் பினாங்குக்காரர், சாது. ஒரு நாள் அவர் சிகரெட்டிலிருந்து குப்பைக்கூடை பற்றிக்கொண்டது. ஸ்டோருக்கு ஓடி வந்தார். கிராணி தீயணைப்பானைக் கீழே இறக்கி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு பாரத்தை நீட்டினார்.

"சார், இங்க ஒன்னு. அடியில ஒன்னு."

"கிராணி, தீ எரியுது லா. அணைச்சிட்டு வந்து போடறேன்."

"எரியுறது தெரியுது சார். அதனாலதான் ஒத்தப் பாரம் குடுத்தேன். மத்த நாள்னா மூனு."

மானேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது, குப்பை தீர்ந்து தீ தானாகவே அணைந்திருந்தது. பயன்படுத்தாத பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கிராணி இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இந்த மனிதர் கையில்தான் எண்பதுகளின் கடைசியில் எங்கள் டிஸ்க்குகள் போய் மாட்டின. அலுவலகத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்தது, அதை ஓட்ட நான் வந்தேன். டிஸ்க் என்பது பேப்பர் பென்சில் மாதிரிதானே என்று மானேஜர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். போதாதா? அத்தனை டிஸ்க்கும் ஸ்டோருக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் தாங்கள் எழுதிய புரோகிராமை இலவசமாக விடுவார்கள். கோலாலம்பூரில், எங்கள் வாயில் கேஎல்லில், கம்ப்யூட்டர் பைத்தியங்கள் சேர்ந்து நடத்திய சங்கம் ஒன்றிலிருந்து நான் அவற்றை நகல் எடுத்து வருவேன். முதல் டிஸ்க்கைக் கொண்டுவந்த அன்றே கிராணி வழிமறித்தார்.

"என்ன சரக்கு பொண்ணு இது?" கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"புரோகிராம் ஐயா. இலவசம்."

"இலவசம்னா ஆரோ ஒருத்தரு குடுத்திருக்கணுமே. ஆரு குடுத்தா? என்ன சொல்லிக் குடுத்தா?"

எழுதியவரின் பெயரும் நிபந்தனைகளும் டிஸ்க்கிலேயே ஒரு கடிதம் போல இருக்கும். ஆயிரம் பேர் நகல் எடுத்திருப்பார்கள், ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் உட்பட. கிராணி அதை அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். அடியில் ஸ்கேலை வைத்து, பக்கத்தில் அகராதியை வைத்து, வரிவரியாக வாசித்தார். பேரேட்டில் புதிதாகப் பக்கம் திறந்தார். சரக்கு என்ன, சீவியவர் யார், சீவியவர் கேட்பது என்ன, கொடுத்தாயிற்றா. புரோகிராம் எழுதியவரும் அவருக்கு மரம் சீவிப் பால் எடுத்தவர்தான்.

நிபந்தனைகள் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. வீட்டில் இலவசம், கம்பெனி என்றால் எழுதிக் கேள் என்பார் ஒருவர். பிடித்திருந்தால் உங்கள் ஊரிலிருந்து ஒரு தபால் அட்டை போடு என்பார் இன்னொருவர். கிராணி எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கப் படம் போட்ட அட்டை இரண்டு வாங்கினார். ஒன்றில் 'சரக்கு வந்து சேர்ந்தது, உடைசல் இல்லை' என்று எழுதிக் கனடாவில் இருந்த அவருக்கு அனுப்பினார். இன்னொன்றிலும் அதையே எழுதி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

ஒரு தடவைதான் சறுக்கினார். ஒரு புரோகிராமின் கடிதத்தில், இதை உபயோகிப்பதால் வரும் ஆபத்துக்கு நீங்களே பொறுப்பு என்று இருந்தது. எல்லாரும் போடுகிற வரிதான். மறுநாள் அந்த டிஸ்க்கைத் தேடினால், புல்லுக்கு அடிக்கும் மருந்து வைத்த அலமாரியில், மண்டையோட்டுப் படம் ஒட்டிய தட்டில் இருக்கிறது. கேட்டதற்கு டிஸ்க்கோடு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுத்தார்.

"கையுறை போட்டா டைப் அடிக்க முடியாது ஐயா."

"அப்ப மெதுவா அடி. ஆபத்துன்னு அவரே எழுதியிருக்காரு. நாளைக்கு உனக்கு ஒன்னு ஆச்சுன்னா உன் வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இரண்டு கைக்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டேன்.

நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். ஐந்து நிமிட வேலைக்கு அரை நாள் ஆக்குகிறவரைத் திட்டாமல் கொஞ்சுவார்களா? ஆனால் அதே சமயம் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில், யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று நொடியில் காட்டும் புரோகிராம் ஒன்றை ஒன்றரை வருடம் எழுதினேன். அதில் பெயர்களை அடுக்கித் தேடும் பகுதி மட்டும் என்னுடையது இல்லை. நியூசிலாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இலவசமாக விட்டது. கிராணி வழியாகத்தான் அது உள்ளே வந்தது. வாத்தியார் கேட்டது மூன்று. முதல் திரையில் அவர் பெயர் இருக்க வேண்டும். பிறருக்குக் கொடுத்தால் புரோகிராம் எழுதிய வரிகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விற்பதென்றால் அவரிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். தலைமையகத்து ஆட்களுக்குப் புரோகிராமை ஓட்டிக் காட்டப்போகிற அன்று, தோட்டத்துக் கூலி லயத்து வீட்டில் பிறந்த ஒருத்தியின் பெயர் மட்டும் திரையில் தனியாக நின்றால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. வாத்தியார் பெயரை அழித்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் கூச்சமில்லாமல் நின்றேன்.

கை தட்டியதோடு விட்டிருக்கலாம். அந்தப் புரோகிராமை வேறு கம்பெனிகளுக்கு விற்பது என்று தலைமையகம் முடிவு செய்துவிட்டது. ஒரு நாள் காலை மானேஜர் சிரித்த முகமாக வந்து, "பத்து மணிக்குக் கேஎல்லேர்ந்து லாயர் வர்றாரு. எல்லாமே நம்ம எழுதினது, இல்லாட்டி அனுமதி வாங்கினதுன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். பாகான் நக்கோடா ஓமார் கடற்கரைக்குப் போயி மீன் சாப்பிடணும்னு இருக்காரு, சீக்கிரம் முடிச்சிரு" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆமாம் என்று போட்டால் பொய். இல்லை என்றால் வேலை போகும். என் வீட்டுக்காரருக்கு ரவாங் ஃபேக்டரி வேலை போய் நாலு மாதம். என் வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரிடம் போவது? கால் தானாக ஸ்டோருக்கு நடந்தது.

"ஐயா, வாத்தியார் பேர நான் எடுத்துட்டேன்."

"தெரியும். அன்னைக்கு எல்லாரும் கை தட்டறப்ப நான் திரையப் பாத்தேன்."

"அப்ப ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"புகார் பாரம் தீந்துபோச்சு. ஆர்டர் போட்டிருக்கேன், இன்னும் வரல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் பாட்டுக்குப் பேரேட்டைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஒரே தொட்டியில ஊத்துறது தப்பில்ல பொண்ணு. எழுதாம ஊத்துறதுதான் தப்பு. பேரத் திருப்பிப் போட எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம். வெளிய குடுக்க வெச்சிருக்கிற டிஸ்க் எல்லாத்தையும் மறுபடி நகல் எடுக்கணும். ஆனா இப்பவே பத்தாகப் போவுது."

"ஒரு மணி நேரம்தானே?" என்றார். இவ்வளவு சின்ன வேலையைத் தன்னிடம் கொடுக்கிறாளே என்கிற வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

நான் உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் நடந்ததெல்லாம் காதில் விழுந்தது. வந்த லாயருக்கு நாற்காலி ஒன்று, கையெழுத்து. நாற்காலிக்கு மெத்தை, அது தனி உருப்படி. கையெழுத்துப் போடப் பேனா, பேனா வாங்கியதற்கு ஒரு கையெழுத்து. பேனாவின் மூடி கடன் வாங்குகிறவர்களால் அடிக்கடி தொலைவதால் அதற்கு வேறு பாரம். தேநீர், தட்டு, கரண்டி.

"மிஸ்டர், நான் லாயர். ஊர்ல உள்ளவங்கள எல்லாம் கையெழுத்துப் போடச் சொல்றவனே நான்தான்."

"அப்ப உங்களுக்குக் கை பழகியிருக்கும் சார். இங்கயும் ஒன்னு."

"மானேஜர், இவர் எப்பவும் இப்படித்தானா?"

"இன்னைக்குக் கொஞ்சம் கொறச்சல் சார்" என்றார் மானேஜர்.

கடைசி டிஸ்க்கை நகல் எடுத்து முடித்தபோது மணி பதினொன்றேகால். லாயர் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தார். திரையில் இரண்டு பெயர் இருந்தது.

"இது யாரு?"

சமாளித்திருக்கலாம். கிராணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவர் எழுதின பகுதி ஒன்னு உள்ள இருக்கு சார். பேர நான் எடுத்திருந்தேன். இன்னைக்குக் காலையிலதான் திருப்பிப் போட்டேன்." மானேஜர் முகம் வெளுத்தது.

லாயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேர் இல்லாம வெளிய யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அதுல பிரச்சினை இல்ல. விக்கிறதுக்கு அனுமதி?"

அதுதான் என்னிடம் இல்லை. அதை வாங்க வேண்டும் என்றே நான் நினைத்ததில்லை. எல்லாம் முடிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது கிராணி உள்ளே வந்து மேசையில் ஒரு ஃபைலை வைத்தார். ஆறு மாதத்துக்கு முன்பே அவர் நியூசிலாந்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விற்பனை என்ற பேச்சே அப்போது கிடையாது. பேரேட்டில் 'கொடுத்தாயிற்றா' என்ற கட்டம் காலியாக இருந்தது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது, அவ்வளவுதான். 'தங்கள் சரக்கு எங்களிடம் பத்திரமாக உள்ளது. பின்னால் விற்க நேர்ந்தால் ஆட்சேபம் உண்டா?' என்று அலுவலகத் தலைப்புத் தாளில் கேட்டிருந்தார்.

வாத்தியாரின் பதில் கையெழுத்தோடு இருந்தது. எத்தனையோ பேர் என் புரோகிராமை எடுத்துக்கொண்டார்கள், கேட்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான், தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், என் பெயரும் வரிகளும் கூடவே போனால் போதும் என்று எழுதியிருந்தார். கடிதம் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கும்படி நீங்கள் அனுப்பிய பாரத்தையும் நிரப்பி இணைத்துள்ளேன் என்று கீழே ஒரு குறிப்பு.

லாயர் இரண்டு தரம் வாசித்தார். "கேஎல் ஆபீஸ்ல எத்தனையோ புரோகிராம் ஓடுது. எதுக்காச்சும் இப்படி ஒரு பேப்பர் காட்டச் சொன்னா ஓடி ஒளியிறாங்க" என்றார். மானேஜர் விட்ட பெருமூச்சில் மேசையில் இருந்த தாள் பறந்தது. வேலை இருக்கிறது, மாதம் பிறந்தால் அடுப்பு எரியும் என்பதைத் தவிர என் மனதில் வேறெதுவும் ஓடவில்லை.

லாயர் மீன் சாப்பிடக் கிளம்பிய பிறகு, மேசையில் பேரேடு திறந்தபடியே கிடந்தது. அந்தப் புரோகிராமுக்கான பக்கம். சீவியவர் என்ற கட்டத்தில் வாத்தியார் பெயருக்குக் கீழே, நான் அச்சடிக்க வாங்கிய தாள்களைக் கொண்டு எண்ணிப் பார்த்து, கோணல் கையெழுத்தில் அவர் எழுதியிருந்தார்: 'நியூசிலாந்து வாத்தியார், நாலு பக்கம். நம்ம பொண்ணு, அறுபத்தொன்பது பக்கம். கலப்படம் இல்லை.' தேதியைப் பார்த்தேன். ஊரே எனக்குக் கை தட்டிய நாள்.

என் பங்கு குறைந்துபோகும் என்று பயந்து இன்னொருவர் பெயரை நான் அழித்த அதே நாளில், அந்த மனிதர் என் பங்கை ஒரு பக்கம் விடாமல் எண்ணியிருக்கிறார். நான் திட்டியதையெல்லாம் அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவு பெரிய பேரேட்டில் அதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.