ஆறு பை எட்டு

வரலக்ஷ்மி டீச்சர் கரும்பலகையில் நாலு கோடு போட்டுவிட்டுத் திரும்பினாள். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் முப்பது பேரும் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுலதான் ஸ்வரத்தை எழுதணும்."

இங்கிலீஷ் காப்பி எழுதுகிற நோட்டில் நாலு கோடு. இசைக்கும் அவ்வளவுதான் இருக்கும் என்பது அவள் கணிப்பு. மாணவிகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மேல்நாட்டு இசை சொல்லித்தரும் பாட்டு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். "தாளம்னா எண்ணிக்கைதானே டீச்சர்? நீங்க கணக்கு எடுக்கிறவங்க, மூணு மாசம் சமாளிங்க" என்று தலைமையாசிரியை சிஸ்டர் இவளைப் பிடித்துப் போட்டுவிட்டார். பதினாறு வருடக் கணக்கு டீச்சர் வரலக்ஷ்மி; இந்த வகுப்புக்கும் கணக்கு அவள்தான். அவள் வராந்தாவில் நடந்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். ஆனால் பாட்டு? குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை.

சாயங்காலம் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ பார்த்தாள். பகீரென்றது. அஞ்சு கோடு!

மறுநாள், "நேத்து போட்டது சும்மா பழகுறதுக்கு. இன்னும் ஒரு கோடு சேத்துக்கோங்க" என்றாள்.

"மேலயா, கீழயா டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சு விஜிலா.

டீச்சர் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். "உனக்கு எது வசதியோ அங்க போட்டுக்கோம்மா."

அடுத்து தாளக் குறி. பின்னம் மாதிரி மேலும் கீழும் எண் போட்டு, மூணு பை நாலு, ஆறு பை எட்டு என்று இரண்டு இருப்பதாக வீடியோவில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. இது நம்ம ஏரியா.

"ரெண்டும் ஒண்ணுதான்! ரெண்டால அடிச்சா ஆறு மூணாகும், எட்டு நாலாகும். முடிஞ்சுது."

வகுப்பு கலகலத்தது.

"இன்னொருக்கா அடிச்சுக் காட்டுங்க டீச்சர்."

"ஒம்பது பை பன்னெண்டு?"

"கால் அளவு ஸ்வரத்தையும் அரைக்கால் அளவு ஸ்வரத்தையும் கூட்டினா எவ்வளவு டீச்சர்?"

வேண்டுமென்றே தன்னைச் சோதிக்கிறார்கள் என்று டீச்சர் நினைத்தாள். பயத்தில் திட்டவும் வரவில்லை. கேட்டதற்கெல்லாம் பொறுமையாக, இரண்டு மூன்று தடவை போட்டுக் காட்டினாள். வீட்டுக்குப் போய் மிச்ச வீடியோவைப் பார்த்தால், இசையில் இரண்டும் ஒன்றே அல்லவாம்!

திருத்துவதற்குள் சிஸ்டர் முந்திக்கொண்டார். "வராந்தாவுல நின்னு கேட்டேன் டீச்சர். பிள்ளைங்க எம்புட்டு ஆசையா கேள்வி கேக்குதுங்க! நிர்வாகத்துல இருந்து செல்வதுரை சார் இசை வகுப்பு பாக்க வெள்ளிக்கிழமை வாராரு. உங்ககிட்டதான் அனுப்பப் போறேன்."

"வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் சிஸ்டர்."

"இன்னைக்குச் செவ்வாய்தானே டீச்சர்?"

அடுத்த பாட்டுப் பீரியடே வெள்ளிக்கிழமைதான். செல்வதுரை சார் வந்தார். உட்கார்ந்ததும் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டது அதையேதான். "மூணு பை நாலுக்கும் ஆறு பை எட்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

டீச்சர் சாக்பீஸைத் தேடினாள்.

விஜிலா எழுந்தாள். "முதல்லது ஒண்ணொண்ணா மூணு தட்டு சார். அடுத்தது ரெண்டே வீச்சு, ஒவ்வொரு வீச்சுக்குள்ளயும் மூணு." தட்டியும் காட்டினாள். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு வகுப்பே நாலு குரலாகப் பிரிந்து பாட ஆரம்பித்தது. ஜன்னலில் கூட்டம் கூடிவிட்டது.

"ரெண்டே வாரத்துல இப்பிடியா! உங்களைக் கும்பிடணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார் செல்வதுரை சார்.

டீச்சர் கதவைச் சாத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"ஏளா, இதுல ஒண்ணுகூட நான் சொல்லிக் குடுக்கல. சொன்னதெல்லாம் தப்பு. எனக்குப் பாட்டே தெரியாது பிள்ளைங்களா."

"அது எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் விஜிலா மெதுவாக. "நாங்கல்லாம் அஞ்சாப்புல இருந்தே திரேஸ்புரம் மாதா கோயில் பாட்டுக் குழுவுல இந்த அஞ்சு கோட்டைப் பாத்துதான் பாடுதோம்."

"அப்போ முதல் நாளே சொல்ல வேண்டியதுதானே?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில், கணக்கு வகுப்பில் தலையே நிமிராத எமில்டா எழுந்து நின்றாள்.

"சொன்னா இந்தப் பீரியடை விட்டுட்டுப் போயிருவீங்களே டீச்சர்... உங்க கணக்குப் பீரியட்ல பயந்துட்டுக் கேக்காததை எல்லாம் நாங்க இதுலதான கேட்டுக்கிட்டு இருந்தோம்!"