கோட்டுக்குள் வந்த மேளம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல எங்க கம்பி ஆலையில ஆண்டு விழான்னா ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். எம்.டி. இங்கிலீஷ்ல பேசுவாரு. அப்புறம் பச்சையப்பன் மேள செட்டு வாசிக்கும். முன்னதுக்குக் கை தட்டுவோம், பின்னதுக்கு ஆடுவோம். 2008-ல இந்த வழக்கத்தை மாத்தறதுன்னு மேலிடத்துல தீர்மானம் ஆச்சு.

அந்த வருஷம் ஆலைக்குத் தரச் சான்றிதழ் வாங்கணும்னு எல்லாருக்கும் ஜுரம் வந்திருந்துச்சு. தரையில மஞ்சக் கோடு, சுவத்துல பச்சைக் கோடு. கக்கூஸ் கதவுல கூட, "இவ்விடம் உரிய நோக்கத்திற்கு மட்டும்"னு அட்டை மாட்டினாங்க. வேற எந்த நோக்கத்துக்கு ஒருத்தன் அங்க போயி நிப்பான்னு எனக்கு இன்னி வரைக்கும் விளங்கல. நான் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். விளங்காததுக்கும் கையெழுத்துப் போடற பதவி அது.

பர்சனல் மேனேஜர் தணிகாசலம் எங்களைக் கூப்பிட்டு, மேளமெல்லாம் பழைய காலம், இப்போ மெட்ராஸ்ல மொட்டை அடிக்கிற விசேஷத்துக்குக் கூட டிஜேதான்னாரு. டிஜேவுக்கு வெளிய போவ வேண்டியதும் இல்ல. பண்டல் செக்‌ஷன்ல கம்பி அடுக்கற கான்ட்ராக்ட் பையன் ஜெரால்ட் கிட்ட லேப்டாப் இருக்குது, ரெண்டு கல்யாணத்துக்குப் பாட்டும் போட்டிருக்கான்.

ஜெரால்டுக்கு ஒரு பிரச்சினை இருந்துச்சு. ஃபோர்மேன் பாக்கியநாதன் பொண்ணு சுகிர்தாவும் அவனும் கட்டிக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. பாதிரியாருக்கும் ஆட்சேபணை இல்ல. பாக்கியநாதன் மட்டும், "பர்மனென்ட் ஆர்டரைக் காட்டு, பொண்ணைக் கூட்டிக்கினு போ"ன்னுட்டாரு. தணிகாசலம் இது தெரிஞ்சே பையனைத் தனியா கூப்பிட்டு, விழாவுக்குச் சான்றிதழ் குடுக்கற ஆடிட்டர் வர்றாரு, அவர் முன்னால குறை இல்லாம நடத்திக் காட்டினா ஆர்டருக்கு நான் பொறுப்புன்னு சொன்னாரு. பாவம், ஜெரால்டுக்கு அன்னிலேருந்து சோறு எறங்கல.

பாட்டு எதுன்னு அவன் யோசிக்கவே இல்ல. கவரைப்பேட்டை கங்கையம்மன் ஜாத்திரையில பச்சையப்பன் செட்டு வாசிச்சு, அப்பவே பதிவு பண்ணின பாட்டு ஒண்ணு இருக்குது. அதைக் கேட்டா எங்க ஊருல உக்காந்திருக்கறவன் எழுந்துடுவான். அதுல ஜோரான நாலு மேள அடியை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப சுத்த விடறதுக்குப் பேரு லூப்பாம். கான்டீன்ல ஒத்திகை வெச்சான். சுத்து முடியற இடத்துல ஒவ்வொரு வாட்டியும் மேளம் நொண்டுச்சு. ஆடப் போனவங்க எல்லாம் படி தவறினாப்ல தடுமாறினாங்க.

இன்னாடான்னு கேட்டதுக்கு ஸ்க்ரீனைக் காட்டினான். பாட்டை உள்ள போட்டதுமே கம்ப்யூட்டரு அடிக்கு ஒரு கோடு போட்டு வெச்சுடுது, பள்ளிக்கூடத்து நோட்டுல போட்டாப்ல சமமா. ஆனா பச்சையப்பன் மனுஷன். ஜனம் ஆட ஆட அவரு கை வேகமாவும். கோடு ஒரு எடத்துல நிக்குது, அடி வேற எடத்துல விழுது. ஜெரால்ட் உக்காந்து ஒவ்வொரு கோட்டையும் புடிச்சு இழுத்து, அடி விழற எடத்துல கொண்டாந்து நிறுத்தினான். மறுநாள் போட்டான் பாரு, லூப்பு வழுக்கிக்கினு ஓடுச்சு. கான்டீன் ஞானம்மா சாம்பார் கரண்டியோட ஆடினாங்க. எனக்கு வேட்டி அவிழ்ந்துடுச்சு, அந்த அளவுக்கு சந்தோஷம்.

அப்பத்தான் தணிகாசலம் வந்தாரு. பாட்டை நிறுத்தச் சொல்லிட்டு ஸ்க்ரீனைப் பார்த்தாரு.

"கோடு ஏன் ஒண்ணு கிட்டயும் ஒண்ணு எட்டவும் நிக்குது?"

"மேளம் அங்க வேகமாவுது சார். கோடு மேளத்தோட போவுது."

"கோடு எங்கப்பா போவும்? கோடுன்னா ஒரு எடத்துல நிக்கணும்."

"கேக்கறதுக்கு நல்லாக்கீதே சார்."

"ஆடிட்டர் கேக்கவா வர்றாரு? பாக்க வர்றாரு."

உடனே தாள ஒழுங்கு ஆய்வுக் குழுன்னு ஒண்ணு அமைச்சாங்க. சங்கத்து சார்புல நானும் உறுப்பினர். பிஸ்கட்டு நல்லா இருந்துச்சு. தீர விசாரிச்சதுல, கோட்டுல குறை இல்ல, பாட்டுலதான் குறைன்னு தெரிய வந்துச்சு. பச்சையப்பன் எங்க ஆலையிலயே பர்னஸ்ல இரும்பு உருக்கறவரு, அவருக்கு மெமோ போச்சு: "மேற்படி ஜாத்திரையில் தாங்கள் எவ்வித முன் அனுமதியுமின்றி வேகத்தை அதிகரித்தமைக்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

பச்சையப்பன் தெரிவிச்சாரு. ஜனம் ஆட ஆரம்பிச்சுது, அதனாலன்னு எழுதியிருந்தாரு.

ஆக, மூல காரணம் ஜனம்னு குழு கண்டுபிடிச்சுது. ஜனத்தை இடமாற்றம் செய்ய விதியில வழி இல்ல. அதனால பாட்டைத் திருத்துவதுன்னு ஏகமனதா முடிவாச்சு. அந்த ஏகமனசுல என் மனசும் இருந்துச்சு. பாட்டை இழுத்துப் புடிச்சு சமமான கோட்டுல ஒட்ட வைக்கறதுக்கும் அந்தப் பெட்டியில வழி இருக்குதாம். ஜெரால்ட் சுகிர்தாவை நெனச்சுக்கினு பட்டனை அமுக்கிட்டான். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

விழா அன்னிக்குப் பாட்டு இஸ்திரி போட்ட சட்டையாட்டம் வந்துச்சு. ஒரு அடி முந்தல, ஒரு அடி பிந்தல. ஆடிட்டர் மேடை ஏறி ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, இப்பேர்ப்பட்ட கட்டுப்பாட்டை எந்த ஆலையிலயும் பார்த்ததில்லன்னு கண்ணு கலங்கினாரு. கீழ ஒருத்தரும் ஆடல. பார்வையாளர்கள் ஒழுக்கம் திருப்திகரம்னு அதுக்கும் மார்க்கு விழுந்துச்சு. ஆலைக்கு சான்றிதழ், ஜெரால்டுக்கு பர்மனென்ட் ஆர்டர். பாக்கியநாதன் ஆர்டரை வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிச்சாரு.

இத்தோட முடிஞ்சிருக்கலாம். ஆடிட்டர் போறப்ப, இந்த ஒழுங்கு உற்பத்திக்கும் உதவலாமேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாரு. அடுத்த மாசமே பண்டல் செக்‌ஷன்ல ஸ்பீக்கர் கட்டிட்டாங்க. கண்ணாடி ரூம்ல ஜெரால்ட், அவன் முன்னால லேப்டாப். அதே பாட்டு, அதே நாலு அடி, ஷிப்டு பூராவும். முதல் அடிக்குக் குனி, ரெண்டாவதுக்குத் தூக்கு, மூணாவதுக்குத் திரும்பு, நாலாவதுக்கு அடுக்கு. நாங்க எதிர்க்கலையான்னு கேப்பீங்க. எதிர்க்கறதாவது? சிப்காட்டுல வேற எந்த ஆலையில பாட்டு போடறான்? அதுவும் நம்ம ஊரு பாட்டு. சங்கத்து சார்புல தணிகாசலத்துக்கு சால்வை போர்த்தினது நான்தான்.

நாலஞ்சு மாசத்துல எல்லாருக்கும் இடுப்பு வலி. தைலம் வாங்காத ஊடு இல்ல. எனக்கு சந்தேகம் வந்து கண்ணாடி ரூமுக்குப் போனேன்.

"இன்னாடா, பாட்டு வேகமாவுதா?"

ஜெரால்ட் என் மூஞ்சியைப் பாக்கல. "மாசா மாசம் கொஞ்சம் ஏத்தச் சொல்றாங்கண்ணா. ஆனா நீயே பாரு, கோடு நேராத்தான் கீது."

பார்த்தேன். உண்மைதான், ஒரு கோடு கூட கோணல் இல்ல. ஆட்சேபிக்க ஒண்ணும் இல்லாம திரும்பி வந்துட்டேன். ஜாத்திரையில வேகமா வாசிச்சதுக்குப் பச்சையப்பனுக்கு மெமோ கொடுத்தாங்க. ஆயுத பூஜையில லேப்டாப்புக்கு சாமந்தி மாலை போட்டாங்க.

கல்யாணம் வந்துச்சு. சர்ச்சுல மோதிரம் மாத்திட்டு, சாயங்காலம் கவரைப்பேட்டை மண்டபத்துல வரவேற்பு. சுகிர்தா ஒண்ணே ஒண்ணு கேட்டிருந்தா. டிஜே கூடாது, பச்சையப்பன் செட்டுதான் வரணும், அந்த ஜாத்திரைப் பாட்டுதான் வாசிக்கணும், ஊரே ஆடணும். ஜெரால்டும் சரின்னுட்டான். அவனும் ஆடி எவ்ளோ நாளாச்சு.

பச்சையப்பன் தோள்ல மேளத்தை மாட்டினாரு. முதல் அடி விழுந்துச்சு. ஆலைக்காரங்க அத்தனை பேரும் ஒண்ணா எழுந்தோம். சுகிர்தா மேடையை விட்டு எறங்கி நடு மண்டபத்துக்கு ஓடியாந்தா, முகம் பூரா சிரிப்பு.

நாங்க குனிஞ்சோம். தூக்கினோம். திரும்பினோம். அடுக்கினோம்.

ஜனம் அசையறதைப் பார்த்துப் பச்சையப்பனுக்கு சந்தோஷம் தாங்கல, வேகத்தைக் கூட்டினாரு. நாங்களும் கூட்டினோம். பாக்கியநாதன் மாமனார்ங்கறதையே மறந்து வரிசை பார்த்துக்கினு நின்னாரு. மேடையில மாப்பிள்ளையும் பொண்ணும் உக்காந்த ரெண்டு நாற்காலியைத் தூக்கியாந்து கடைசியா அடுக்கினது ஜெரால்ட். பாட்டு முடிஞ்சப்போ மண்டபத்துல ஒரு நாற்காலி பாக்கி இல்ல, எல்லாம் சுவரோரமா அடுக்கா நின்னுச்சு. நடுவுல சுகிர்தா மட்டும் தூக்கின கையோட நின்னுக்கினு இருந்தா.

மொய் வைக்க வந்த தணிகாசலம் ஒரு கண்ணை மூடிக்கினு அந்த வரிசையை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாரு. "கோடு நேரா இருக்கு"ன்னாரு.

எங்களுக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு.