ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை

எங்கள் தெருவில் ஜாக்கி சாரின் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவருடைய பாதங்களைப் பார்த்தவர்கள்தான் அதிகம். சேலையூரில் நாங்கள் குடிவந்த புதிதில், காய்கறிக் கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரென்று தெரியாமல் விழித்தேன். குனிந்து அவர் காலைப் பார்த்த பிறகுதான் "வணக்கம் சார்" என்றேன். இடது கால் கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருக்கும். அதுதான் அடையாளம்.

மீதி உடம்பு எப்போதும் ஜீப்புக்கு அடியில் இருக்கும். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சேறு, மணல், மலை எதிலும் ஏறும் என்பார். அது ஏறி நாங்கள் பார்த்ததெல்லாம் வேகத்தடைகள்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு சிங்கப்பெருமாள் கோவில்வரை போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும். மற்ற ஞாயிறுகளெல்லாம் அந்த ஒரு பயணத்துக்கான ஏற்பாடு. ஒரு வாரம் ஆயில் மாற்றுவார். ஒரு வாரம் சக்கரங்களைக் கழற்றி பிரேக்கைச் சுத்தம் செய்வார். இன்னொரு வாரம் கிரீஸ் கன்னும் கையுமாக, மல்லாந்தபடியே வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஊர்ந்து போவார்.

ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக இருந்தவர். வண்டியைத் தூக்க ஒரு ஜாக்கி வைப்பார். அதை நம்பாமல் பக்கத்தில் இன்னொரு ஜாக்கி. இரண்டையும் நம்பாமல் மரக்கட்டைகள். கட்டைகளையும் நம்பாமல், கழற்றிய சக்கரத்தையே அடியில் படுக்கப்போடுவார். இவ்வளவுக்கும் பிறகு, தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைப்பார்.

நிற்பவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. வண்டியைத் தொடக் கூடாது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பேச்சு நின்றால் அடியிலிருந்து ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்போதும் குரல் வராவிட்டால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். சொல்லாமல் நகரவும் கூடாது. "சார், கிளம்புறேன், வெளிய வந்துடுங்க" என்று சொல்லி, அவர் முழு உடம்போடு வெளியே வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம்.

இப்படி எங்கள் தெரு முழுக்க அந்தப் பாதங்களோடு பேசியிருக்கிறது. கூரியர்காரருக்குப் பேச விஷயம் கிடைக்காமல், பையிலிருந்த பார்சல்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். அடுத்த தெரு பாஸ்டர் அன்றைய பிரசங்கத்தை அங்கேயே ஒருமுறை ஒத்திகை பார்ப்பார். "பாஸ்டர், சுருக்கமா முடிச்சிக்குங்க, ஆயில் வடிஞ்சிடுச்சு" என்று அடியிலிருந்து குரல் வரும். தெருவில் ஆயில் சிந்துகிறது என்று சண்டைக்குப் போன குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஜீப்பின் இரண்டு அச்சுக்கும் கிரீஸ் வைத்து முடியும்வரை சண்டை போட வேண்டியதாயிற்று. நடுவில் தொண்டை வறண்டு நிறுத்தினால் ஸ்பேனர் தட்டியது.

ஆன்ட்டி, அதாவது அவர் மனைவி, மட்டும் அந்தப் பக்கமே போக மாட்டார். "கல்யாணமான நாள்லேருந்து நின்னு பேசிட்டேன்மா. அவருக்குச் சொல்லாத விஷயம்னு என்கிட்ட ஒண்ணுகூட மிச்சம் இல்ல."

காரணத்தையும் ஆன்ட்டிதான் சொன்னார். தொழிற்சாலையில் விடுமுறை நாளன்று ஒரு ஃபிட்டர் தனியாக லாரிக்கு அடியில் வேலை பார்த்திருக்கிறார். ஜாக்கி நழுவிவிட்டது. மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்கள்தான் பார்த்தார்கள். "அந்த ஆள் செத்ததைப் பத்திகூட இவர் பேச மாட்டார். ராத்திரி பூரா பக்கத்துல யாருமே இல்லையேன்னுதான் சொல்லிட்டிருப்பார்" என்றார்.

என் மகன் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா திரும்பிப் போய்விட்டாள். கணவருக்குச் சிறுசேரியில் இரவு வேலை. பகலெல்லாம் தூக்கம். அவரை எழுப்பலாமா கூடாதா என்று யோசித்து யோசித்தே என் பகல்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையோடு வாசலுக்கு வந்த என்னை ஜாக்கி சார் கூப்பிட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி என்று தயங்கினேன்.

"குழந்தையையாம்மா ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்றேன்? பேசத்தானே சொல்றேன்."

பாதங்களோடு பேசுவது சுலபம். அவை முகம் சுளிக்காது, "நாங்கல்லாம் பெத்து வளர்க்கலையா?" என்று கேட்காது. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதைச் சொன்னேன். குளிப்பாட்டும்போது கை நழுவிவிடும் என்று நடுங்குவதைச் சொன்னேன். தொட்டிலுக்கு மேலே ஓடுகிற ஃபேன் விழுந்துவிடும் போலிருக்கிறது என்றேன். மற்றவற்றுக்கு "உம்" கொட்டியவர், ஃபேன் என்றதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சாயங்காலமே ஏணியோடு வந்து ஃபேனைக் கழற்றி, கொக்கி தாங்குகிறதா என்று பார்க்க அதில் எங்கள் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். தூக்கம் கலைந்து வந்த என் கணவர், ஹாலின் நடுவே அந்தரத்தில் ஆடிய மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.

பிரேக் வாரம் ஒன்றில்தான் அது நடந்தது. நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டு, வண்டி கட்டைகளின் மேல் நின்றது. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். மழையைப் பற்றியும் பால் வர நேரமாவதைப் பற்றியும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. ஸ்பேனர் இரண்டு தட்டுத் தட்டியது.

"இருக்கேன் சார்" என்றேன். "நான் இருக்கறதே இவனுக்குக் கெடுதலோன்னு தோணுது. நான் இல்லாமப் போயிட்டா வேற யாராவது இவனை ஒழுங்கா வளர்ப்பாங்க."

அடியில் திருகிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு பாதங்கள் அசைந்தன, முழங்கால் வந்தது, கிரீஸ் படிந்த நெற்றி வந்தது. யாரும் சொல்லாமல் அவர் வெளியே வந்து நான் பார்த்தது அன்றுதான். அவர் அதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப நான் நிக்கிறேன். நீ பேசும்மா."

பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. ஒருமுறை நடுவே நிறுத்தியபோது, கையிலிருந்த ஸ்பேனரால் ஜீப்பின் மேல் மெதுவாக இரண்டு தட்டினார். மறுபடி பேசினேன்.

முடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்றார். சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர் வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மலைக்கும் சேற்றுக்கும் தயாராக இருந்த வண்டி, தேவைப்பட்ட ஒரே நாளில் சக்கரமில்லாமல் நின்றது. ஆட்டோவில்தான் போனோம். ஆன்ட்டி போய் எழுப்பியதும், என் கணவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பைக்கில் பின்னாலேயே வந்தார்.

"இன்னா சார், சீட்டெல்லாம் கிரீஸ் ஆவுது" என்றார் ஆட்டோக்காரர்.

"ஓட்டுப்பா. வந்து தொடச்சித் தரேன்."

கிளினிக்கில், பேஷண்டுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று வரவேற்பில் இருந்த பெண் அவரைக் கேட்டாள். "சேஃப்டி ஆபீசர்" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு "அப்பா" என்று எழுதிக்கொண்டாள்.

பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வருகிற நோய்தான், மருந்து உண்டு, குணமாகும் என்று டாக்டர் சொன்னார். குணமாகப் பல மாதங்கள் பிடித்தன. அத்தனை ஞாயிறுகளிலும் நான் அங்கே நின்றேன். அடியில் நுழைவதற்கு முன்னால் ஜாக்கி, கட்டை, சக்கரம் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். கடைசியாக என்னிடம் திரும்பி, "மாத்திரை போட்டாச்சா?" என்பார். போட்டாயிற்று என்றால்தான் படுப்பார்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரல்வரை போய்விட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் யாரையும் விடவில்லை. ஆன்ட்டி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் நர்ஸ் வந்து சொன்னபோது, ஆன்ட்டி ஒன்றுதான் கேட்டார். கடைசியில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று நர்ஸ் கையிலிருந்த தாளைக் காட்டினாள்.

ஹாலில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் இருந்ததால் எனக்குக் கால்மாட்டில்தான் இடம் கிடைத்தது. கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கறுத்த நகம் தெரிந்தது. சுற்றிலும் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் இப்படியொரு மௌனத்தை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், பையன் இன்னிக்கு ஷூவை மாத்திப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டான்" என்றேன். யாரோ ஒரு அம்மாள் என் முழங்கையைப் பிடித்தார். நான் நிறுத்தினேன். உடனே பின்னாலிருந்து செயலாளரின் கரகரத்த குரல், குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு பாஸ்டர் பேசினார். ஆன்ட்டி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். தடுக்கவில்லை.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அம்மாவிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போயிருந்தேன். நான் இந்த மாதிரி விஷயங்களை மீறுகிறவள் அல்ல. கேட்வரை போய்விட்டேன். அங்கே நின்று யோசித்தேன். திரும்பி வந்து கால்மாட்டில் குனிந்தேன்.

"சார், கிளம்புறேன். வெளிய வந்துடுங்க."

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகுதான் காலை எடுத்து வைத்தேன்.