சுவர் வருஷத்தில் ஒரு கூரை

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த பிறகு நிகழ்ந்த மாபெரும் முன்னேற்றம் எங்கள் தெருவில்தான் நிகழ்ந்தது என்பதைச் சகலருக்கும் இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறேன்.

தெரு இளைஞர்கள் கூடி 'நாளைய விடியல்' என்ற சமூக சேவைக் குழுவைத் தொடங்கினார்கள். விடியற்காலையில் எழுந்து பழக்கமில்லாதவர்கள் என்பதால் கூட்டமெல்லாம் மாலையில்தான். என் வீட்டு நாற்காலிகளில்.

முதல் 'களப்பணி'க்கு எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் வீடு தேர்வானது. ஒற்றை ஆளாகத் தைத்து மகளைப் படிக்க வைப்பவர். போன வாரக் காற்றில் கூரைத் தகரம் ஒன்று நகர்ந்து, தையல் மெஷினுக்கு நேர் மேலே வானம் தெரிந்துகொண்டிருந்தது. கீழே, பள்ளிக்கூடம் தைக்கக் கொடுத்த சீருடைத் துணி மலைபோல. நனைந்தால் பிழைப்பு போயிற்று.

இளைஞர்கள் ஏணியோடு வருவதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருப்பீங்க தம்பிகளா! அந்தத் தகரத்த இப்படித் தள்ளி, மேல ஒரு கல்ல வச்சிட்டாப் போதும்."

தலைவருக்கு வயது இருபது. ஓய்வுபெற்ற அதிகாரியின் பொறுமையோடு விளக்கினார்.

"அக்கா, இந்த வருஷம் எங்க தீம் சுவர். கூரை அடுத்த வருஷம்."

"அதுவரைக்கும் மழை காத்திருக்குமாப்பா?"

"தீர்மானம் போட்டாச்சுக்கா. நடுவுல மாத்தினா எங்கள யாரு மதிப்பா?"

"சரி, ஏணிய மட்டும் குடுங்க. நானே ஏறிக்கிறேன்."

"ஐயோ, பொதுமக்கள் ஏறக் கூடாதுக்கா. விழுந்துட்டீங்கன்னா?"

என்ன அக்கறை! எனக்குப் புல்லரித்தது.

மாலைக்குள் சுவர் முழுக்கப் பெயின்ட்டில் ஒரு மேகம், சிரிக்கும் மழைத்துளி, கீழே 'மழைநீரைச் சேமிப்போம்'. குழுவை மேலிருந்து படம் எடுக்க ஒருவன் கூரையில் ஏறினான்.

"இன்னொரு தகரம் மறைக்குதுடா!"

"தள்ளி விடுறா!"

அக்கா பதறி ஓடிவந்தார். "கூரையில கை வைக்க மாட்டோம்னீங்களே?"

"இது சேவை இல்லக்கா, டாக்குமென்டேஷன்," என்றார் தலைவர்.

மறுநாளே மழை. அக்கா வீட்டில் மழைநீர் சேமிப்பு முழு அளவில் அமலுக்கு வந்தது: வாளியில், குடத்தில், மெஷின் இழுப்பறையில். சீருடைத் துணி சாயம் போய்த் திட்டுத் திட்டானது. பள்ளிக்கூடம் மிச்ச வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டது.

குழு சும்மா இருக்கவில்லை. மழை விட்டதும் அவசரமாக வந்து நேரில் ஆய்வு செய்தது.

"எல்லாம் போச்சுப்பா," என்றார் அக்கா.

தலைவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "கவலப்படாதீங்கக்கா. பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகல."

அடுத்த மாதம் குழுவுக்குச் 'சிறந்த சேவை' விருது. அந்தச் சுவர் ஓரமாகவே மேடை, மைக், சிறப்பு விருந்தினர். முன்வரிசையில் நான். 'பயனாளி இரண்டு வார்த்தை பேசுவார்' என்று அறிவித்துவிட்டு, தலைவரே போய் அக்காவின் கதவைத் தட்டினார்.

பூட்டியிருந்தது. அக்கா எப்போது காலி செய்துகொண்டு போனார் என்பது தெருவில் யாருக்கும் தெரியவில்லை.