தாடைக்கு அடியில் ஒரு விரல்

செப்டம்பர் பதினான்காம் தேதி காலை பதினொன்று ஐம்பதுக்கு, முப்பத்தேழு மீன்களோடும் ஆறு தூண்டில்காரர்களோடும் வெர்னா டாலெஃப்சன் தன் வாடகைப் படகைப் பெல்லர் முனைப் படகுத்துறையின் ஜெட்டியில் கொண்டுவந்து கட்டினார். முப்பத்தாறு மீன்களைப் பற்றிப் பெரிய தகராறு எதுவும் எழவில்லை. எழுந்த தகராறு முப்பத்தேழாவது மீனைப் பற்றியது.

ஜெட்டியில் மீன்வள இலாகாவின் இனங்காணல் அலுவலர் லீலண்ட் ப்ரூவிட் காத்திருந்தார். வயது முப்பத்தொன்று. கழுத்தில் பிளாஸ்டிக் உறைபோட்ட அட்டை, அதில் பன்னிரண்டு பாறைமீன்களின் படம். இரண்டு கைகளிலும் தடித்த நீலக் கையுறை. அந்தக் கையுறைக்கு ஒரு வரலாறு உண்டு. மே மாதத்தில் வேறொரு ஊரில் வேறொரு அலுவலருக்குப் பாறைமீனின் முதுகுமுள் குத்திக் கட்டைவிரல் வீங்கியது. வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. மூன்றாம் நாள் சுற்றறிக்கை நாற்பத்தொன்று வெளிவந்தது: இலாகாவின் எந்த அலுவலரும் எந்த மீனையும் வெறுங்கையால் தொடலாகாது.

ப்ரூவிட் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இந்தக் கறுப்பெல்லாம் என்ன, மேடம்?"

"கடல் பாஸ்."

"இந்தக் கடல்ல பாஸ்னு ஒரு மீனே கிடையாது. இது கறுப்புப் பாறைமீன்."

"அப்ப நேத்து நான் வறுத்துத் தின்னது?"

"அது உங்க சமையலறை விஷயம். இலாகாவோட எல்லை ஜெட்டியோட முடியுது."

முப்பத்தாறையும் அவர் எழுதிக்கொண்டார். முப்பத்தேழாவது சிவப்பாக இருந்தது.

இந்தக் கரையில் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் சிவப்புப் பாறைமீன்கள் இரண்டு. ஒன்று செந்தூரன், பிடிக்கலாம். மற்றது கேனரி, எண்ணிக்கை குறைந்துபோனதால் பிடிக்கக் கூடாது. உயிரோடு இருக்கும்போது நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். ஐஸில் இரண்டு மணி நேரம் கிடந்தால் இரண்டுக்கும் பழைய செங்கல் நிறம் வந்துவிடும். அதனால் இங்கே யாரும் கண்ணை நம்புவதில்லை. கீழ்த்தாடைக்கு அடியில் விரலை வைத்துத் தடவுவார்கள். செந்தூரனுக்கு அந்த இடத்தில் பொடிச் செதில் இருக்கும். மூன்று நாள் மழிக்காத முகம்போலச் சொரசொரக்கும். கேனரிக்கு வழவழவென்று இருக்கும். முதல்முறை படகேறி முழுநேரமும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கூட இறங்கும்போது இதைக் கற்றுக்கொண்டுதான் இறங்குவார்.

இலாகாவின் அட்டையிலும் இதுவே போட்டிருந்தது: 'கீழ்த்தாடையின் அடிப்புறத்தைத் தடவிப் பார்க்கவும்.' அட்டையை அச்சிட்ட பிரிவு இலாகாக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. சுற்றறிக்கை வெளியிட்ட பிரிவு ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுதாகி ஓராண்டாகியிருந்தது.

ப்ரூவிட் மீனைத் தூக்கித் தாடைக்கு அடியில் கையுறை விரலால் நிதானமாகத் தடவினார்.

"வழவழன்னு இருக்கு. கேனரி."

"கையுறையைக் கழட்டிட்டுத் தடவுங்க" என்றார் வெர்னா.

"சுற்றறிக்கை நாப்பத்தொண்ணு, மேடம்."

மீனைப் பிடித்தவர் ராண்டல் ஸ்பைவி, உள்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பல் மருத்துவர். அவர் முன்னால் வந்தார். "தம்பி, நான் முப்பது வருஷமா தாடையைத்தான் பாத்துட்டிருக்கேன். இது சொரசொரப்பு."

"மனுஷத் தாடையா, சார்?"

"ஆமா."

"அது வேற இலாகா."

வெர்னா மருத்துவரின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "டாக்டர், கன்னத்தைக் காட்டுங்க. லீலண்ட், இதைத் தடவுங்க."

ப்ரூவிட் கடமை தவறாதவர். தடவினார். "வழவழன்னுதான் இருக்கு."

"நான் ஷேவ் பண்ணி நாலு நாள் ஆச்சு" என்றார் மருத்துவர்.

"இருக்கலாம், சார். உங்க இனம் இந்த அட்டைல இல்ல."

மீன் சாட்சிப் பொருளாகப் பையில் இடப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டு, இலாகாவின் உறைபெட்டிக்குப் போனது. வெர்னாவின் பெயரில் ஜூலையில் ஒரு கேனரியும் ஆகஸ்டில் ஒரு கேனரியும் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. மூன்றாவது உறுதியானால் படகு உரிமம் ரத்து. வெர்னாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. படகு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை செய்ததில்லை; இனிமேல் ஒன்றைக் கற்றுக்கொள்ளும் எண்ணமும் அவருக்கு இல்லை.

மற்ற படகுகளுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை என்று கேட்கலாம். அவர்கள் காலத்தோடு ஒத்துப்போனவர்கள். ஜூன் மாதமே நீலக் கையுறை ஊரில் நாகரிகமாகிவிட்டது. முதலில் ஒரு படகோட்டி, அலுவலரைப் போலத் தெரிவதற்காக வாங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வாங்கினார்கள். தூண்டில் இரை விற்கும் கடையில் புழுவைவிடக் கையுறை அதிகம் விற்றது. கையில் மீன் நாற்றம் அடிப்பவர் பழைய காலத்து ஆள் என்று பேச்சு வந்தது. கையுறையோடு நடந்த கல்யாணம் ஒன்றும் உண்டு. மோதிரத்தைக் கையுறைக்கு மேலாகவே போட்டார்கள்.

கையுறை போட்டுத் தடவினால் கடலில் உள்ள அத்தனை சிவப்பு மீனும் கேனரி. எனவே தூண்டில்காரர்கள் எந்தச் சிவப்பு மீன் வந்தாலும், சட்டத்துக்குப் பயந்து, காற்றுப்பை உப்பித் தானாக இறங்க முடியாத அதை, எடை கட்டிய கிளிப்பில் மாட்டி அடியாழத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஜெட்டியில் இருந்த பெட்டியில் 'ஒரு கேனரி பிடித்தேன், விட்டுவிட்டேன்' என்று சீட்டு எழுதிப் போட்டார்கள். இலாகா ஒவ்வொரு சீட்டுக்கும் நன்றிக் கடிதம் அனுப்பியது. சிலர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். வெர்னா மட்டும் வெறும் விரலால் தடவி, செந்தூரனைச் செந்தூரன் என்று வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய குற்றம்.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி மார்கிட் எங்ஸ்ட்ரம் அம்மையார் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். கடலைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பனி உருகிய மீன் ஒரு தட்டில் வைக்கப்பட்டது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம், மேடம்" என்றார் வெர்னா. "யாராவது ஒருத்தர் வெறும் விரலால இதைத் தொட்டுப் பாருங்க. அவ்வளவுதான்."

"சாட்சிப் பொருளை வெறுங்கையால தொட முடியாதும்மா."

"சாட்சிப் பொருளா இல்லாட்டி?"

எங்ஸ்ட்ரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதினைந்து நிமிடம் புரட்டினார். "மூணு நிமிஷத்துக்கு மேற்படாம, அந்தப் பொருளைச் சாட்சிப் பட்டியல்லேர்ந்து தற்காலிகமா விடுவிக்க இடம் இருக்கு. அந்த மூணு நிமிஷமும் அது வெறும் மீன்."

"அது போதும்."

மீன் விடுவிக்கப்பட்டது. பல் மருத்துவர் தடவினார். "சொரசொரப்பு" என்றார். பிறகு எல்லாரும் ப்ரூவிட்டைப் பார்த்தார்கள். அவர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வலது கையுறையைக் கழற்றினார். ஐந்து மாதமாக வெயில் படாத கை உப்பிப்போய் வெளுத்திருந்தது. ஒரு விரலை நீட்டித் தாடைக்கு அடியில் தடவினார். மறுபடி தடவினார்.

"என்ன இருக்கு?" என்றார் எங்ஸ்ட்ரம்.

"சொரசொரன்னு இருக்கு, மேடம்."

"நல்லது. மூணு நிமிஷம் முடிஞ்சுது. மீன் மறுபடி சாட்சிப் பொருள்."

ப்ரூவிட் உட்காரவில்லை. "மேடம், அப்படின்னா என் பெட்டில இருக்கிற அறுநூத்திப் பன்னண்டு சீட்டு? எல்லாரும் கையுறையோட தடவித்தானே எழுதியிருக்காங்க?"

"அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல, ப்ரூவிட்."

"எப்ப வரும்?"

"யாராவது எழுதிக் குடுத்தா வரும். நீங்க எழுதிக் குடுக்கறீங்களா? உங்க பதவி உயர்வு ஃபைலும் என் மேஜைலதான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணாவே பாத்துடலாம்."

ப்ரூவிட் உட்கார்ந்தார். கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அடுத்த சிக்கல் வெர்னாவுடையது. மீன் சாட்சிப் பொருளாக இல்லாதபோது கண்டறிந்த உண்மையைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று எங்ஸ்ட்ரம் வருத்தத்தோடு தெரிவித்தார். வருத்தம் நடவடிக்கைக் குறிப்பிலும் பதிவானது.

"அப்ப எதுக்கும்மா அதை விடுவிச்சீங்க?"

"நீங்க கேட்டீங்க, விதில இடம் இருந்துது. ஆனா இன்னொரு வழி இருக்கு. படிவம் பதினேழு. 'நான் பிடித்தது செந்தூரன், அது செந்தூரன் என்று அறிந்தே வைத்துக்கொண்டேன்' அப்படின்னு நீங்க சத்தியப் பிரமாணமா எழுதிக் குடுத்தா, இலாகா மறுக்கறதுக்கு ஆதாரம் இல்லாததால ஏத்துக்கும்."

வெர்னா அங்கேயே கையெழுத்திட்டார். மூன்று பிரதி. வழக்கு தள்ளுபடியானது. அன்று மாலை மதுக்கடையில் படகோட்டிகள் அவருக்குப் பீர் வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டினார்கள். கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை.

ஜனவரியில் இலாகாவின் அறிவியல் பிரிவு ஆண்டுக் கணக்கை எடுத்தது. பெல்லர் முனையில் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு கேனரி. கரை முழுவதும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதற்கு முந்தைய ஆண்டு நாற்பது. எந்தக் கடலிலும் எந்த மீனும் இப்படிப் பெருகியதில்லை. பாதுகாப்புத் திட்டத்தின் மாபெரும் வெற்றி என்று இயக்குநருக்குப் பட்டயம் கொடுத்தார்கள். மேடையில் கைகொடுத்த படம் பத்திரிகையில் வந்தது. இருவர் கையிலும் நீலம்.

அதே கணக்கில் ஒரு துயரச் செய்தியும் இருந்தது. பருவம் முழுவதிலும் கரை முழுவதிலும் பதிவான செந்தூரன் ஒன்றே ஒன்று. அதுவும் செத்திருந்தது.

மார்ச் மூன்றாம் தேதி புதிய விதி வந்தது. கேனரிக்குத் தடை நீக்கம், விருப்பம்போல் பிடிக்கலாம். செந்தூரன் அழிவின் விளிம்பில் இருப்பதால் முழுத் தடை. சேதத்தை மதிப்பிட வசதியாக, தடை முந்தைய ஆண்டின் செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே அமலுக்கு வந்ததாகக் கருதப்படும்.

ஊர் மகிழ்ந்தது. சிவப்பு மீன் எதைப் பிடித்தாலும் இனி வழவழ. வழவழ என்றால் கேனரி. கேனரி என்றால் வறுக்கலாம். அந்த வாரமே வெர்னாவுக்கு, செந்தூரனைப் பிடித்ததற்காக மறுநாள் விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. அவர் நேராக மதுக்கடைக்குப் போனார். பத்துப் பதினைந்து படகோட்டிகள் இருந்தார்கள்.

"நாளைக்கு விசாரணைக்கு யாராவது ரெண்டு பேர் வாங்க. கையுறையைக் கழட்டி, நீங்க பிடிக்கறது என்ன மீன்னு தொட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ஒருவர், தன் கோப்பையைப் பார்த்தபடி, "வெர்னா, உனக்காக உசிரைக் கேளு, குடுக்கறோம்" என்றார். "விரலைக் கேக்காத."

"சொரசொரப்புன்னு ஒருத்தன் சொல்லிட்டா அத்தனை படகும் நிக்கும், கண்ணு" என்றார் இன்னொருவர். "நீ ஒருத்தி நின்னா ஒண்ணுதான்."

விசாரணையில் எங்ஸ்ட்ரம் அம்மையார் கனிவாகவே நடந்துகொண்டார்.

"அது கேனரின்னு இப்ப சொல்லிட்டா?" என்று வெர்னா கேட்டார்.

"செப்டம்பர்ல கேனரிக்குத் தடை இருந்துதும்மா. அது மூணாவது குத்தம். போதாததுக்கு, பொய்ச் சத்தியம் வேற சேரும்."

"செந்தூரன்னு சொன்னா?"

"கடைசிச் செந்தூரனைக் கொன்ன குத்தம். ஆனா உண்மை பேசினதா குறிப்புல போடுவோம்."

"செந்தூரன்தான்" என்றார் வெர்னா.

ஏப்ரல் பதினோராம் தேதி காலை ஒன்பது மணிக்கு வெர்னா டாலெஃப்சனின் படகு உரிமம் ரத்து செய்யப்பட்டது. அன்று பெல்லர் முனை ஜெட்டியில் இறங்கிய சிவப்பு மீன்கள் நூற்று எண்பத்து மூன்று. முதுநிலை இனங்காணல் அலுவலர் லீலண்ட் ப்ரூவிட் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, அனைத்தும் கேனரி என்று பதிவு செய்தார்.