ஒரே தாய்ச்செடி, இரண்டு தொட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். உன் புதினாவும் சௌக்கியம்; நீ அதைப் பற்றிச் சொன்னது அதன் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரே தாய்ச்செடியிலிருந்து இரண்டு தண்டு வெட்டி, ஒன்றை எங்கள் மூன்றாம் மாடிக்கும் மற்றதை மலையடிவாரத்தில் இருக்கும் உன் மாமனார் வீட்டுக்கும் கொடுத்தாய். ரகம் ஒன்று, ஊர் இரண்டு. மண்ணுக்கும் வெயிலுக்கும் தக்கபடி இலையின் மருந்துச் சத்து எப்படி மாறுகிறது என்று உன் ஆய்வகத்தில் பார்க்கவேண்டும் என்றாய். சரி. ஆனால் என் இலையில் அந்த மருந்துச் சத்தான மென்தால் பேருக்குக்கூட இல்லை என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாவது நிமிடம் சம்பந்தி கூப்பிட்டு, “விடுங்க சம்பந்தி, உங்க ஊர் தண்ணி அப்படி” என்று ஆறுதல் வேறு!

நான் என்ன குறை வைத்தேன்? வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்தினேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, நடுவில் முகம் வாடினால் இன்னொரு சொம்பு. நீ கல்யாணமாகிப் போனபின் இந்த வீட்டில், ஓய்வுபெற்ற எனக்குத் தினமும் காலை வணக்கம் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. இடையில் கொஞ்சம் துவண்டது உண்மை. ஆனால் கண் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால், பூசினாற்போல் நிற்கிறது! கூரான இலை உருண்டு, வாசனைகூட மாறியிருந்தது. “பாத்தியா, என் கைராசி!” என்றேன். அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். உன் ஆய்வகத்துக்குப் பறித்து அனுப்பியது அந்த இலையைத்தான்.

ஆகவே குற்றம் எங்கள் ஊர்மேல்தான். அடுத்த மாதம் தரும் அறிக்கையில் தாராளமாக அப்படியே எழுது. இது நீ கொடுத்த அதே செடிதான் என்று முன்னாள் தலைமை எழுத்தர் என்ற முறையில் உறுதியளித்துக் கையெழுத்திடுகிறேன்.

உன் உழைப்புக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. சம்பந்திக்கு, அவர் கேட்டால் மட்டும், வணக்கம்.

அப்பா

பி.கு.: பிழை பார்க்க அம்மாவிடம் கொடுத்தேன். “உறுதியெல்லாம் குடுக்காதீங்க” என்கிறாள். நீ தந்த செடி என் சொம்புத் தண்ணீரில் வேர் அழுகி, நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டதாம். “கண்ணுல கட்டோட வர்றவரு, வந்ததும் அதைத்தானே தேடுவீங்க? மனசு கேக்கல. தெருமுனை நர்சரியில ஒண்ணு வாங்கி வச்சேன். அவனும் புதினான்னுதான் சொன்னான்.” ஆக, ஊரும் வேறு, ரகமும் வேறு, எது எதனால் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அறிக்கையை நிறுத்து. எங்கள் ஊர் ஒரு பாவமும் அறியாது. இன்னொரு தண்டு அனுப்பு. தண்ணீர் அம்மா ஊற்றட்டும், நான் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.